சுமையில் வெளிப்படும் பழுது: திருகோணமலைத் துறைமுகமும் பழுது தேடும் தொழிலும்

நின்றுபோன இயந்திரத்தை மீண்டும் ஓடவைப்பதும் அது ஏன் நின்றது என்று கண்டறிவதும் ஒன்றல்ல. முன்னதற்குக் கைப்பழக்கமும் மாற்று உதிரிப்பாகமும் பெரும்பாலும் போதும். பின்னதற்கோ உறுப்புகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவு பற்றிய அறிவும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமையும், பார்த்ததை எழுதிவைக்கும் ஒழுங்கும் வேண்டும். இந்தப் பழுது தேடும் தொழிலுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. கடற்படைப் பட்டறை, வானொலி அறை, ராடார் கூடம் என்று அது நடந்த இடங்கள் மாறி, இன்று மேசைக் கணினிகளைத் திறந்து வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயினும் கடினமான பழுதின் இயல்பு மாறவில்லை. உறுப்புகளைத் தனித்தனியே சோதித்தால் எல்லாம் நலமாகத் தெரியவும், அவற்றை ஒன்றுசேர்த்துச் சுமை ஏற்றும்போது மட்டும் தலைகாட்டவும் செய்யும் பழுதே மர்மப் பழுது எனப்படுகிறது. அத்தகைய பழுதின் மிகப் பெரிய சான்று ஒன்று திருகோணமலையின் கடலடியில் கிடக்கிறது.

ஆழமும் நிலச்சூழ்வும் ஒருங்கே அமைந்த இத்துறைமுகத்தை 1795ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றினர். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சீனக்குடாவை ஒட்டிய காட்டில் அவர்கள் கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்கப் பெரும் எண்ணெய்க் குதங்களைக் கட்டினர். அவற்றில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் இந்துமாக்கடலில் பிரித்தானியருக்கு எஞ்சிய முதன்மையான தளங்களுள் ஒன்றாகத் திருகோணமலை உயர்ந்தது. அதனோடு அன்றைய மிகப் புதிய மின்னணுக் கருவிகளும் இங்கு வந்து இறங்கின.

அவற்றுள் முதன்மையானது ராடார், அதாவது வானொலி அலைகளை வெளியே அனுப்பி, தொலைவிலுள்ள பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அப்பொருளின் தூரத்தையும் திசையையும் அறியும் கருவி. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கு ராடார் வழியான முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் நாள், அதே படை திருகோணமலையைத் தாக்கியபோது ராடார் முன்கூட்டியே உணர்த்தியது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் முந்திய இரவே வெளியேற்றப்பட்டிருந்தன. அவ்வாறு வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மஸ், மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது போரின் கொடுமை. எனினும் சில நாள் இடைவெளியில் ஒரே தீவின் இரு கரைகளில் ஒரே எதிரிக்கு எதிராக ஓரிடத்தில் எச்சரிக்கை கிடைத்ததும் மற்றோரிடத்தில் கிடைக்காமற் போனதும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன: கருவி என்பது அலைக்கம்பமும் பெட்டியும் மட்டுமன்று; அதைப் பார்த்திருக்கும் ஆளும், ஆள் மாறும் முறையும், செய்தி போய்ச் சேரும் வழியும் அதன் உறுப்புகளே. பழுது தேடுபவர் பெட்டிக்குள் மட்டும் தேடினால் பாதி இடத்தில்தான் தேடுகிறார்.

திருகோணமலைப் பழுதுகளில் தலையாயது 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள் நிகழ்ந்தது. கடற்படையின் 23ஆம் இலக்க மிதக்கும் கப்பல்துறை, ஏறத்தாழ 50,000 தொன் எடையைத் தூக்கவல்லதாக இந்தியாவில் கட்டப்பட்டுத் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. மிதக்கும் கப்பல்துறை என்பது அடித்தளமும் இரு பக்கச் சுவர்களும் கொண்ட, குறுக்கே வெட்டிப் பார்த்தால் தொட்டி போலத் தோன்றும் இரும்புக் கட்டமைப்பு. அதன் அடியிலும் சுவர்களிலும் பல அறைகள் உண்டு. அறைகளில் கடல்நீரை நிரப்பினால் துறை தாழும். கப்பல் உள்ளே மிதந்து வந்து, அடிமரத்தைத் தாங்கும் கட்டைகளுக்கு நேராக நிற்கும். பின்னர் பம்பிகள் அறைகளிலிருந்து நீரை வெளியேற்ற, துறை மேலெழுந்து கப்பலையும் நீருக்கு மேலே தூக்கிவிடும். கப்பலின் அடிப்பகுதியைத் துப்புரவு செய்யவும் சுழலிகளையும் சுக்கானையும் பழுதுபார்க்கவும் இதுவே வழி.

அன்று துறைக்குள் நின்றது வேலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பல். முதலாம் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டு, 15 அங்குல விட்டமுள்ள எட்டுப் பீரங்கிகளைத் தாங்கிய இக்கப்பல், வெடிபொருள்களை இறக்காமலே துறைக்குள் வந்திருந்தது. அவற்றையும் சேர்த்து அதன் எடை துறையின் தூக்குதிறனுக்கு உட்பட்டதாகவே இருந்தது என்பதே இந்நிகழ்வின் மையம். ஆனால் மொத்த எடை வேறு, எடையின் பரவல் வேறு. போர்க்கப்பலின் எடை நீளம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை; பீரங்கி மேடைகளும் வெடிமருந்து அறைகளும் கவசமும் உள்ள இடங்களில் அது குவிகிறது, முனைகளில் குறைகிறது. ஆகையால் எந்த அறையிலிருந்து எவ்வளவு நீரை எந்த வரிசையில் வெளியேற்றுவது என்பது உள்ளே நிற்கும் கப்பலின் எடைப் பரவலுக்கு ஏற்பத் திட்டமிடப்பட வேண்டும். அன்று நீர் வெளியேற்றப்பட்ட வரிசை வேலியன்டின் எடைப் பரவலோடு பொருந்தவில்லை; நிறைந்திருந்த வெடிபொருள்கள் அந்தப் பொருத்தமின்மையை மேலும் பெரிதாக்கின. துறை ஒரே சீராக எழாமல் வளைந்தது. தாங்கும் எல்லையைக் கடந்ததும் அதன் முதுகு முறிந்து அது மூழ்கியது.

கொதிகலன்களில் நீராவி அணையாமல் வைக்கப்பட்டிருந்தமையால் வேலியன்ட் தப்பி வெளியே வர முடிந்தது. ஆயினும் அதன் உட்புறச் சுழலிகள் இரண்டும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. நேராகச் செல்லவும் இயலாமல் மெதுவாகவே அது சூயஸ் வரை சென்றது. அங்கு சுழியோடிகள் நீருக்கடியில் உட்புறச் சுழலித் தண்டுகளை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. போரின் எஞ்சிய காலத்தில் அக்கப்பல் மீண்டும் முன்வரிசைக்குத் திரும்பவில்லை. எதிரியின் குண்டு எதுவும் விழாத ஒரு நாளில், உடைந்த பாகம் எதுவும் முன்கூட்டி இல்லாத நிலையில், ஒரு பெருந்துறை இழக்கப்பட்டது, ஒரு போர்க்கப்பல் முடங்கியது.

பழுதின் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வை ஒருவரின் பிழை என்று சுருக்கிவிடுவது எளிது. அது போதாது. துறையின் இரும்புத் தகடுகளையும் பம்பிகளையும் கப்பலையும் தனித்தனியே பரிசோதித்திருந்தால் ஆகஸ்ட் 7ஆம் நாள் மாலை வரை குறை எதுவும் தெரிந்திராது. குறை அவற்றின் கூட்டில் இருந்தது. அதுவும் நீர் வெளியேறி எடை ஏறிய அந்த நேரத்தில் மட்டுமே இருந்தது. இத்தகைய பழுதை முன்கூட்டியே பிடிக்க ஒரே வழி, சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வளைவை அளந்து, அளவு மீறும்போது நிறுத்துவதுதான். உறுப்பைச் சோதிப்பது ஒன்று, ஏற்பாட்டைச் சோதிப்பது மற்றொன்று என்னும் வேறுபாட்டை இவ்வளவு பெரிய அளவில் காட்டும் நிகழ்வு இந்துமாக்கடல் வட்டாரத்தில் வேறில்லை என்றே கொள்ளலாம்.

கட்டமைப்பு பெரிதாக இருந்தால் பழுது பெருஞ்சத்தத்தோடு வரும். மின்னணுக் கருவிகளில் அது ஓசையின்றி வரும். இரண்டாம் உலகப் போரில் குளிர்நாடுகளுக்கென வடிவமைக்கப்பட்ட வானொலிக் கருவிகள் தென்கிழக்காசியாவின் ஈரத்திலும் வெப்பத்திலும் காரணம் தெரியாமல் அடிக்கடி செயலிழந்தன. கம்பிச் சுருள்களின் பருத்தி உறைகளில் பூஞ்சணம் படர்ந்து ஈரத்தைத் தேக்கியது. மின்காப்புக் குறைந்து மின்சாரம் போகக் கூடாத வழியில் கசிந்தது. பூஞ்சணக்கொல்லி கலந்த மெருகெண்ணெயை உறுப்புகளின் மேல் பூசி, அவற்றை வெப்பமண்டலத்துக்கு ஏற்பப் பதப்படுத்தும் முறை அப்போதுதான் பரவலாயிற்று.

திருகோணமலையில் இந்த ஈரம் ஆண்டு முழுவதும் ஒரே தன்மையதாக இருப்பதில்லை. இங்கு பழுது தேடுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுவே. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து மலைநாட்டைக் கடந்து வரும் கச்சான் காற்று மழையை மேற்கிலேயே உதிர்த்துவிட்டு வெப்பமும் வறட்சியுமாக வீசுகிறது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டுகிறது. ஒக்டோபர் முதல் சனவரி வரை வடகீழ்ப் பருவமழையும் வாடைக்காற்றும் கடலின் ஈரத்தையும் உப்பையும் வீட்டுக்குள் கொண்டுவருகின்றன. கறியுப்புக்கு ஓர் இயல்பு உண்டு: காற்றின் சார்ஈரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்து திரவமாகிறது. அதற்குக் கீழே உலர்ந்த உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதற்கு மேலே ஈரமான உப்புப் படலம் கடத்தும். கணினியின் மின்பலகையில் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூசி படிந்திருந்தால், ஈரம் மிகுந்த அதிகாலையில் அந்தக் கணினி தொடங்க மறுப்பதும், சில முறை முயன்று உட்பகுதி சூடேறியதும் ஒழுங்காக வேலை செய்வதும், பழுதுபார்க்கும் கடைக்கு நண்பகலில் கொண்டுபோனால் குறையே தெரியாமற் போவதும் இந்த ஓர் எண்ணால் விளங்கும். கரையோர மக்கள் மர்மம் என்று சொல்லும் கணினிக் கோளாறுகளில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

1957 ஒக்டோபர் 15ஆம் நாள் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர் என்பது அக்கால வரலாற்றின் வருத்தமான பக்கம். இயந்திரங்களோடு கூடவே வளர்ந்த கைத்திறனும் அதனால் சிதறியது. 1980களில் ஜெர்மனியின் டொய்ச்சவெல்ல வானொலி திருகோணமலைக்கு அருகே பேராற்றல் கொண்ட மறுஒலிபரப்பு நிலையமொன்றை இயக்கத் தொடங்கியபோது மின்னணுப் பராமரிப்பு மீண்டும் இம்மாவட்டத்தின் தொழிலாயிற்று. 2010களின் தொடக்கத்தில் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. இடையில் நீண்ட உள்நாட்டுப் போர் நடந்தது. மின்கலங்களும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடகிழக்கில் கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், கெட்ட உறுப்பைத் தூக்கியெறிந்து புதியதைப் பூட்டும் வழக்கத்துக்கு இடமே இருக்கவில்லை.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் பழுது தேடலுக்குப் புதிய கருவியொன்று எதிர்பாராத வழியில் பிறந்தது. 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், கணினியின் வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆளும் கெர்னல், அதாவது கருநிரல் ஆகும். அதன் மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருந்தமையால் பயனர்கள் அதைத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொண்டனர். தொகுத்தல் என்பது மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் ஓடவல்ல வடிவுக்கு மாற்றுவது. நீண்ட நேரம் நினைவகத்தையும் செயலகத்தையும் வட்டையும் ஒருசேர வருத்தும் இவ்வேலையின் நடுவே தொகுப்பி 11ஆம் எண் சமிக்ஞை என்ற செய்தியோடு திடீரென நின்றது. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்ட செயலியை நிறுத்தக் கருநிரல் அனுப்பும் சமிக்ஞை அது. அதே கணினி மற்ற இயங்குதளங்களில் குறையின்றி ஓடியதால் பலர் லினக்ஸின் மீதே குறை சொன்னார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வோல்ஃப் 1990களில் இதற்கு எழுதிய விளக்கம் பழுது தேடும் கலையில் ஒரு மைல்கல். தொகுத்தலை மறுபடி தொடங்குக. முன்பு நின்ற அதே இடத்தில் நின்றால் குறை நிரலில் இருக்கக்கூடும், வேறோர் இடத்தில் நின்றாலோ குறை வன்பொருளில் இருக்கிறது என்பதே அதன் சாரம். நிரல் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில்தான் நடக்கும். இடம் மாறி இடறுவது நிரலின் இயல்பன்று. நினைவகத்தில் ஒரேயொரு இருமம், அதாவது சுழியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றை மதிப்பு, தலைகீழானால் போதும், தொகுப்பி தன் வழி தவறிவிடும். 1978இல் இன்டெல் நிறுவன ஆய்வாளர்களான மேயும் வுட்ஸும், நினைவகச் சில்லுகளின் உறையிலிருந்த நுண்ணளவுக் கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்பாத் துகள்களே அப்படி இருமங்களைப் புரட்டக்கூடும் என்று காட்டியிருந்தார்கள். சாதாரண மேசைக் கணினியிலோ தளர்ந்த இணைப்பும் வெப்பமும் தரங்குறைந்த சில்லும் அதைவிட அடிக்கடி அவ்வேலையைச் செய்கின்றன.

நினைவகத்தை மட்டும் சோதிக்கக் கிறிஸ் பிரேடி உருவாக்கிய மெம்டெஸ்ட்86 என்னும் செயலி, இயங்குதளம் எதுவும் இல்லாமல் தானே ஓடி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. அது பிழை காட்டினால் பிழை உண்டு. காட்டாவிட்டால் பிழை இல்லை என்று பொருளாகாது. செயலகமும் வட்டும் வரைகலை அட்டையும் ஒருசேர மின்சாரத்தை இழுக்கும்போது மட்டும் மின்வழங்கியின் அழுத்தம் தாழ்ந்து, அந்தத் தாழ்வில் நல்ல நினைவகமும் தவறக்கூடும். வேலியன்ட் ஏறிய துறைக்கு நேர்ந்தது இங்கே சிறு அளவில் மீண்டும் நேர்கிறது: பாகங்கள் யாவும் தேர்ச்சி பெற, கூட்டு மட்டும் தோற்கிறது.

மின்வழங்கியின் மீது இம்மாவட்டத்தில் கூடுதல் ஐயம் கொள்வது முறையே. அதிலுள்ள மின்பகுபொருள் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையின் நடைமுறை விதி. கச்சான் வீசும் மாதங்களில் குளிரூட்டியில்லாத அறையில் அவை விரைவில் வறள்கின்றன. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் தரங்கெட்ட மின்பகுபொருளால் உலகெங்கும் மின்தேக்கிகள் தலைவீங்கி வெடித்தன; அக்காலத்துத் தாய்ப்பலகைகள் பழைய கணினிச் சந்தையில் பின்னும் பல்லாண்டு சுற்றின. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டது. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பும்போதும் எழும் அழுத்த ஏற்றத்தைத் தாங்குவது தளர்ந்த மின்வழங்கிக்கு இன்னொரு சோதனையாகும்.

பழைய கணினிகளுக்கு வாழ்வு கொடுப்பதால் லினக்ஸ் இத்தகைய ஊர்களுக்குப் பொருத்தமானது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டையொட்டி அரசுக் கணினிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தது. 2004 திசம்பர் 26இன் கடற்கோள் திருகோணமலையையும் தாக்கியபோது, இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய சகானா என்னும் பேரிடர் மேலாண்மைச் செயலி திறந்த மூலநிரலின் மேல் எழுந்தது. நிலாவெளிச் சாலையிலுள்ள கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கணினி அறிவியல் கற்பிக்கிறது. ஆனால் பழுது தேடுபவருக்கு லினக்ஸின் உண்மையான கொடை வேறொன்று: அது தன் நாட்குறிப்பைத் தானே எழுதுகிறது. வட்டு ஒன்று பதிலளிக்கத் தாமதித்தது, செயலகம் சூடேறி வேகத்தைக் குறைத்தது, பொருத்துவாயில் இருந்த கருவி கணநேரம் அறுந்து மீண்டது என்று ஒவ்வொன்றையும் நொடிக் கணக்கோடு கருநிரல் பதிகிறது. கணினி திடீரென அணைந்து, பதிவேட்டில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடைசி வரி பாதியில் நின்றிருந்தால், கருநிரலுக்கு எழுதவே நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது ஐயம் முதலில் மின்சாரத்தின் மேல்தான் விழ வேண்டும்.

இந்தச் சான்றைக் கெடுப்பது அவசரம். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுவாய்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டினால் பெரும்பாலும் கணினி எழுந்துவிடும், வாடிக்கையாளரும் மகிழ்வார். ஆனால் எது கெட்டிருந்தது என்பது அத்தோடு மறைந்துவிடும்: தொடுவாயில் உப்பா, பட்டையே பழுதா, கழற்றிய அசைவில் வேறொரு தளர்ந்த இணைப்பு இறுகியதா என்று பின்னர் யாராலும் சொல்ல இயலாது. முதலில் பதிவேட்டைப் படிப்பது, பிறகு எதையும் தொடாமல் சுமை ஏற்றிப் பார்ப்பது, பிறகு ஒரு நேரத்தில் ஒரே பாகத்தை மட்டும் மாற்றுவது, மாற்றியதும் அதே சுமையை மீண்டும் ஏற்றுவது என்னும் வரிசை மெதுவானதாகத் தோன்றினாலும், அதே கணினி மூன்றாம் முறை திரும்பி வருவதை அதுவே தடுக்கிறது.

1942 தாக்குதலில் எரிந்து பின்னர் துறைமுகத்தில் மூழ்கிய சகாயிங் என்னும் கப்பலை இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் 2018இல் உயர்த்தினர். மூழ்கியதை எடுக்கும் திறனும், உடைந்ததை ஓடவைக்கும் திறனும் திருகோணமலையில் உண்டு. குறைவாக இருப்பது பழுதுகளின் எழுத்துப் பதிவு. உள்ளூர்க் கடைகளிலும் பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் பழுதுபார்ப்போர் ஒவ்வொரு பழுதுக்கும் நாள், நேரம், வீசிய காற்று, மின்னழுத்தம், கருநிரல் எழுதிய கடைசி வரி, மாற்றிய பாகம், மாற்றிய பின் கண்ட விளைவு ஆகியவற்றைத் தமிழிலேயே ஒரு கொப்பியில் குறித்துவர வேண்டும். இரண்டு வாடைக்காலங்களின் குறிப்புகள் சேர்ந்தாலே அடுத்து வரும் பழுதின் காரணத்தைத் தேட எங்கே தொடங்குவது என்று அவை சொல்லத் தொடங்கும். கோணேசபுரி வளாக மாணவர்கள் அவற்றைத் திரட்டித் தொகுத்தால், கரையோரத் தமிழூர்களுக்குப் பயன்படும் முதல் பழுதுக் கையேடு திருகோணமலையிலிருந்தே வெளிவரலாம். அந்த வேலையை அடுத்த பருவமழைக்கு முன்பே தொடங்குவது நல்லது.